நாங்கள் தங்கிய ஓட்டல்

தம்பி,

சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் நீ போன் செய்தாய். "மன்னிச்சிக்கம்மா, நெனச்ச மாதிரி அமையல. பாதியில திரும்புற மாதிரி ஆயிடுச்சு. அடுத்த தடவ நல்ல எடமா பாத்துக் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். நான் "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் மைக்கைத் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள் நான். பெற்ற பிள்ளையிடம் போனில் பேச வந்தால் மட்டும் சாப்பாட்டைத் தாண்டி ஒரு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நீ மட்டும் படிக்கிற மாதிரி எழுதாமல் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நாம் கிளம்பிய காலையில் சிரித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் படிக்கட்டும்.

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். வைகாசி வெயில், வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வயலில் வேலையும் இல்லை. வேன் தெருமுனையில் நிற்கிறது. நாங்கள் ஆறு பெண்களும் மகளிர் குழுவில் எடுத்த கத்திரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், கூட்டத்தில் யாரும் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. பெரிய வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன மாரிமுத்து, ஆளெல்லாம் ஏத்திக்கிட்டு எங்க?" என்று உன் அப்பாவைக் கேட்டான். உன் அப்பாவைவிட அவன் இருபது வயது சின்னவன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், அது அவன் வீட்டுப் பழக்கம். அப்பா "டூரு போறோம்" என்றார். "ஊட்டிக்கா?" "இல்ல, தஞ்சாவூருக்கு." அவன் சிரித்த சிரிப்பில் டீக்கடை முழுக்கச் சிரித்தது. "தஞ்சாவூருக்கு எவனாவது டூர் போவானா? அங்க என்ன இருக்கு, ஆஸ்பத்திரியும் கலெக்டர் ஆபீசும்தான?"

அவன் கேலியாகச் சொன்னான். ஆனால் தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டான். நமக்குத் தஞ்சாவூர் என்றால் அந்த இரண்டுதான். உடம்புக்கு முடியாவிட்டால் போவோம், இல்லையென்றால் கூலி கேட்டுக் கோஷம் போடப் போவோம். வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள், உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவோம், பொட்டலச் சோறு சாப்பிடுவோம், இருட்டுவதற்குள் திரும்புவோம். எத்தனையோ தடவை போன ஊர். ஒரு தடவைகூட வேடிக்கை பார்க்கப் போனதில்லை. ஒரு வேலையும் இல்லாமல், ஒரு வலியும் இல்லாமல், ஒரு மனுவும் கையில் இல்லாமல் ஓர் ஊருக்குப் போவது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு நினைப்பிலேயே வராத காரியம். அது ஏன் நினைப்பில் வரவில்லை என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சும்மா இருப்பதைக்கூட இந்த உலகம் சிலருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது.

நீ முதலில் இதைச் சொன்னபோது நானே உன்னை மட்டம் தட்டினேன். "ரெண்டு மணி நேரத்துல போற ஊர்ல போயி எதுக்குடா ரூம் போடணும்?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. இன்னொன்று மட்டும் சொன்னாய். "நாம மட்டும் வேணாம்மா. அத்தைங்க எல்லாரையும் கூப்பிடு. அவங்க இல்லாம நீ எங்க போனாலும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருப்ப." அந்த ஒரு வார்த்தையில் நீ என்னை எப்படிக் கவனித்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஐந்து பேரோடுதான் நான் நாற்று நடுகிறேன். நடவு வரிசை எப்படியென்று உனக்குத் தெரியும். யாரும் முந்திப் போகக் கூடாது. ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கத்தில் நிற்பவர்களும் அவள் பங்கில் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து நட்டுக்கொண்டே போவார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். எல்லோரும் ஒன்றாகத்தான் கரையேறுவோம். அந்த வரிசையை அப்படியே தூக்கி வேனில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தாய் பார், அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும்.

வேனில் ராணியின் வாய் ஓயவில்லை. தையல் அத்தை மட்டும் ஜன்னல் ஓரத்தில், மடியில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி தையலு, டூருக்கு எதுக்குடி தூக்கு?" என்று ராணி கேட்டாள். "இருக்கட்டுமேடி, வெளியூரு போறோம்" என்றாள் தையல். நான்தான் அவளை வற்புறுத்திக் கூட்டி வந்தேன். அவள் வரமாட்டேன் என்றதற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றும்போது அவள் புருஷன் லாரி மேலிருந்து விழுந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தார். உள்ளே அவர், வெளியே வேப்பமரத்தடியில் இவள். விடிந்ததும் இந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போய் வெந்நீர் கேட்பாள். பிறகு அவர் போய்விட்டார். டாக்டர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மூட்டை ஏற்ற ஆள் வேண்டும் என்று வீடு தேடி வந்து கூப்பிட்டவர்கள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அதற்குப் பிறகு தையல் தஞ்சாவூர்ப் பக்கம் போனதே இல்லை. இந்த இரண்டு நாளில் அவள் அந்த ஊரில் ஒரு வேளையாவது நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கோயிலும் அரண்மனையும் எனக்குப் பெரிதில்லை.

பெரிய கோயிலுக்கு எதிரே வேன் நின்றதும் நீயும் அப்பாவும் வேனை நிறுத்த இடம் பார்க்கப் போனீர்கள். நாங்கள் இறங்கினோம், நிழல் பார்த்தோம், உட்கார்ந்தோம். மூன்று பேர் முன்னால், மூன்று பேர் பின்னால். யாரும் சொல்லவில்லை, அந்த ஊரில் இறங்கினால் எங்கள் உடம்பு தானாக அப்படித்தான் உட்காரும். அன்றைக்கு யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்திருக்க வேண்டும், ரோடெல்லாம் போலீஸ். ஓர் இளம் எஸ்.ஐ. வேகமாக வந்தார்.

"ஏம்மா, இங்கல்லாம் ஒக்காரக் கூடாது. எந்தச் சங்கம்?"

"சங்கம்லாம் இல்ல சார்" என்றாள் ராணி.

"எல்லாரும் ஒரே சேல கட்டியிருக்கீங்க, வரிசையா ஒக்காந்திருக்கீங்க, சங்கம் இல்லங்கிறீங்க. பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?"

"ஒக்கார்றதுக்கா சார்?"

"கோரிக்கை என்னம்மா? அதச் சொல்லுங்க முதல்ல."

"ஆளுக்கொரு ஐஸு சார். வெயிலு தாங்கல."

"வெளையாடாதீங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

"குடவாசல் பக்கம். டூரு வந்திருக்கோம்."

"குடவாசல்லேர்ந்து தஞ்சாவூருக்கு யாரும்மா டூரு வருவா?"

காலையில் ஒருத்தன் சிரித்த அதே கேள்வி. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நாலு எட்டு தள்ளி, அதே நிழலில், ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் காலை நீட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவர்களும் ஒரே நிறத் தொப்பிதான் போட்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் எந்தச் சங்கம் என்று கேட்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைய சுற்றுலா ஸ்டேஷனில்தான் முடிந்திருக்கும். அதற்குள் நீ வந்தாய், பின்னாலேயே அப்பாவும். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாய். கையைக் கட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"வணக்கம் சார். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"நீ யாருப்பா, லீடரா?"

"இவங்க புள்ள சார்."

"ஆறு பேருக்குமா?"

"ஆமா சார், ஆறு பேருக்கும்."

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். நீ சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாய். "எல்லாரும் ஒண்ணா நிக்கிற மாதிரி ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல சார். நான் எடுத்தா நான் இருக்க மாட்டேன். நீங்க ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?" என்று அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டாய். அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி பின்னால் போனார். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா. ஐயா, நீங்க அந்தப் பக்கம் வாங்க. அந்தக் கடைசியில நிக்கிறவங்க, சிரிங்கம்மா."

கடைசியில் நின்றவள் தையல். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படம் இப்போது நம் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. ஓர் ஓரத்தில் எஸ்.ஐ.யின் விரல் தெரிகிறது. உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "போலீஸ்காரரு எடுத்த போட்டோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் வயதில் நானாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடுவது தப்பில்லை. நான் போட்ட சண்டைகளில்தான் நம் தெருவுக்குக் கூலி ஏறியது, அதை நீ மறந்துவிடக் கூடாது. ஆனால் அன்றைக்கு நீ செய்தது எனக்குத் தெரியாத வித்தை. எங்களை விரட்ட வந்த ஆளை எங்கள் முன்னால் கேமராவோடு நிற்க வைத்துவிட்டாய். நீ பணிந்து போனாய் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணிகிறவன் ஆறு பேருக்கும் பிள்ளை என்று சொல்ல மாட்டான்.

கோயிலுக்குள் போனோம். கால் சுட்டது, சாக்கு விரிப்பில் ஓடினோம். அவ்வளவு உயரத்தை அண்ணாந்து பார்த்து, "இத்தன கல்லையும் தூக்குனவன் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காடா?" என்று ராணி கேட்டாள். நீ சுவரில் வரிவரியாக இருந்த எழுத்துகளைக் காட்டி, இங்கே வேலை செய்த சிலரின் பெயர்கள்கூட இருக்கின்றன, கல் தூக்கியவர்கள் பெயர் இருக்கிறதா என்று தெரியாது என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாய், அதுவும் எனக்குப் பிடித்தது. எனக்கு அந்தக் கல் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ராஜாவை நினைத்து இல்லை. இவ்வளவு பேருக்கு அன்றைக்குச் சோறு போட்ட நெல் எந்த வயலில் விளைந்தது, அதை யார் கை நட்டது என்று நினைத்துப் பார்த்தேன். அது எங்களைப் போல வரிசையில் நின்ற யாரோ ஆறு பேராகத்தான் இருக்க வேண்டும். அந்த நினைப்போடு பார்த்தபோது கோயில் எனக்கும் கொஞ்சம் சொந்தமாகத் தெரிந்தது.

நந்திக்கு முன்னால் நின்று நீ சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "ஞாபகம் இருக்காம்மா? சின்னப் புள்ளையில என்னைய மடியில வச்சிக்கிட்டு கூலிப் போராட்டத்துக்கு வந்தியே. வேன் இந்தப் பக்கமாப் போச்சு. எறங்கிப் பாக்கணும்னு அழுதேன். நாம அதுக்கு வரலன்னு சொன்ன." எனக்கு நினைவில்லை, தம்பி. சொல்லியிருப்பேன். அழுத பிள்ளையை அடக்க அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். "அதுக்குத்தாம்மா இப்ப வந்திருக்கோம்" என்றாய். ஊட்டியும் இல்லாமல் கொடைக்கானலும் இல்லாமல் ஏன் தஞ்சாவூர் என்று நான் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, "ஏண்டி, நந்தி முட்டிடுச்சா?" என்றாள் ராணி.

ஆனால் தையல் எங்களோடு இருந்தும் இல்லாமல்தான் இருந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி. "இது ஆஸ்பத்திரிலேர்ந்து எந்தப் பக்கம்ப்பா?" கோயிலில் கேட்டாள், சாப்பிட்ட இடத்தில் கேட்டாள், ஐஸ்கிரீம் கடையில் கேட்டாள். நீ ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னாய். "அந்தப் பக்கம் அத்தை. இப்ப தூரமா இருக்கோம்." எனக்கு எரிச்சல் வந்தது. அதை மறக்கத்தானே கூட்டி வந்தோம் என்று அவளைத் திட்ட வாயெடுத்தேன். நீ கண்ணால் தடுத்தாய். அவளுக்கு அந்த ஊரில் தெரிந்த இடம் அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் மற்றதைப் புரிந்துகொள்ள முடியும் என்று உனக்குப் பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை.

சாயங்காலம் பூங்காவில் நடந்ததை யாரிடமும் சொல்லாதே என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சொல்லத்தான் போகிறேன். ராணி ஊஞ்சலில் ஏறி, பெரியவர்கள் ஏறக் கூடாது என்று காவலாளி விசில் ஊதியும் இறங்கவில்லை. பிறகு என்னை ஏற்றினார்கள். உன் அப்பா பின்னாலிருந்து தள்ளினார். "கெட்டியாப் புடிச்சிக்க, விழுந்து வைக்காத" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் முதுகில் கை வைத்தது அன்றைக்குத்தான். கீழே வந்தபோது இருவருக்கும் முகம் பார்க்க வெட்கமாக இருந்தது. வெளியே வந்தால் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் காய்ந்து கிடந்தது. உடனே ஆறு பேரும் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதாம், இந்த வருஷமாவது நேரத்துக்குத் திறப்பார்களா என்று பேச ஆரம்பித்துவிட்டோம். "டூரு வந்த எடத்துலயும் தண்ணிக் கணக்கா?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

ஓட்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களை லிப்ட்டைப் பார்த்து மிரண்டவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ராணியின் மகன் வீட்டில் ஏசி இருக்கிறது, என் போனில் எல்லா ஆப்பும் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகத்தான் போனோம். ரூமில் ராணி கட்டிலில் குறுக்காக விழுந்து, "நாளைக்கு எவனும் என்னைய எழுப்பாதீங்கடி" என்றாள். தையல் மட்டும் கட்டிலில் ஓரமாக, விரிப்புக் கசங்காமல் படுத்தாள்.

மறுநாள் காலையில் நடந்ததால்தான் நீ மன்னிப்புக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்தபோது தையலையும் காணவில்லை, தூக்கையும் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்தாள். தூக்கு காலியாக இருந்தது. எங்கடி போனாய் என்றால், வெந்நீர் கேட்கப் போனேன் என்றாள். கீழே இறங்கி, கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போய், வாசல் ஓரத்தில் தூக்கோடு நின்றிருக்கிறாள். வாட்ச்மேன், "அந்தப் பக்கம் போம்மா, இங்கல்லாம் நிக்கக் கூடாது" என்றிருக்கிறான். அவளும் அந்தப் பக்கம் போய்விட்டாள். பக்கத்துச் சந்தில் நின்றுவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்திருக்கிறாள். மேலே ரூம் இருக்கிறது, அதற்குச் சாவி இருக்கிறது, நான் இங்கேதான் தங்கியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. "இந்த ஊருன்னா எனக்கு நிக்கத்தான்டி தெரியுது. நான் பஸ்ஸ புடிச்சி ஊருக்குப் போறேன், நீங்க இருந்துட்டு வாங்க" என்றாள்.

நான் வாட்ச்மேனை ஒரு கை பார்க்கக் கிளம்பினேன். உன்னையும் எழுப்பினேன். நீ "இரும்மா" என்றாய். அவள் கையிலிருந்து தூக்கை வாங்கினாய். உன் ரூமில் இருந்த கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாய். அது சின்னக் கெட்டில், தூக்கு நிறைய மூன்று நாலு தடவை வைக்க வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த ரூமில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிறைந்ததும் மூடி, துணியால் பிடித்து அவளிடம் நீட்டினாய். நீட்டிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாய்.

"யாருக்கு அத்தை? சொல்லுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவள் தூக்கைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "யாருக்குன்னு தெரியலப்பா" என்றாள். "கைதான் எடுத்துட்டுப் போயிடுச்சு." அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். புருஷன் செத்தபோதுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தத் தூக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராணிதான் முதலில் அசைந்தாள். மேசையில் இருந்த டம்ளரை எடுத்து நீட்டினாள். "எனக்குத்தான்டி. ராத்திரி ஐஸு தின்னது தொண்டயக் கட்டிடுச்சு. ஊத்து." அவள் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அடுத்தவள் டம்ளரை நீட்டினாள், அதற்கு அடுத்தவள். நானும் நீட்டினேன். நடவில் பின்தங்கியவளின் பங்கை எடுத்து நடுவது போலத்தான், யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வைகாசியில், விடிந்தும் விடியாத புழுக்கத்தில், ஆளுக்கு ஒரு டம்ளர் சுடு தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தோம். உன் அப்பா குடித்தார், நீயும் குடித்தாய். கடைசியில் தூக்கில் மிஞ்சியதைத் தையல் குடித்தாள்.

அதற்குப் பிறகும் அவள் ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொன்னாள். ஒருத்தி போனால் எல்லோரும் போவதுதான் எங்கள் வழக்கம், அதனால் எல்லோரும் மூட்டை கட்டினோம். அரண்மனை பார்க்கவில்லை, கல்லணை பார்க்கவில்லை. உன் முகம் விழுந்துவிட்டது, பார்த்தேன். கிளம்பும்போது நான் வாட்ச்மேனிடம் கேட்காமல் விடவில்லை. அவரும் பாவம், அதிராம்பட்டினம் பக்கத்து மனிதர், என்னைவிட வயதானவர். "தூக்கோட வர்றவங்கள நிக்க விடாதன்னு மொதலாளி சொல்லியிருக்காரும்மா. ஆஸ்பத்திரிக் கூட்டம் தெனமும் வெந்நி கேட்டு வரும். அவங்க தங்கியிருக்கேன்னு சொல்லவே இல்லியே" என்றார். அவரை என்ன சொல்வது? தங்காதவள் என்றால் விரட்டலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். நீயும் கேட்டாய், என்னைவிடத் தெளிவாகக் கேட்டாய். காலையில் ஒரு பாத்திரம் வெந்நீர் வாசலில் வைத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்றாய். "பாக்குறேன் தம்பி" என்றார். அவர் பார்ப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இதுதான் நீ கெட்டுப்போனது என்று நினைக்கிற சுற்றுலா. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்பதால் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து வரப்போகிற அந்தப் பெண்ணும் தன் கையில் ஏதாவது ஒரு தூக்கோடுதான் வருவாள். சுனாமி வந்துபோன அந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள் வீட்டில் தூக்கு இல்லாமல் இருக்காது. அதைப் பிடுங்கிக் கீழே வைக்காதே, நான் செய்ய நினைத்தது அதுதான். ஏன் இதைத் தூக்குகிறாய் என்றும் கேட்காதே. தையலிடம் செய்தது போல நிரப்பிக் கொடுத்துவிட்டு யாருக்கு என்று கேள். இது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. நீ செய்ததைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போய்விட்டு வாருங்கள். நாங்கள் வேன் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரமாட்டோம், பயப்படாதே.

இனிமேல்தான் விஷயம். போன வாரம் மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் தையலைத் தேடி வந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் மாமனாரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், துணைக்கு இவள் போக வேண்டும், இதுவரை அந்த ஊருக்குப் போனதில்லை. ஆஸ்பத்திரி என்றால் தையலுக்குத்தான் தெரியும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நானும் ராணியும் பக்கத்தில்தான் இருந்தோம். இந்தப் பேச்சை இவளிடம் போய் ஏன் எடுக்கிறாள் என்று நினைத்தேன். தையல் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னாள்.

"பெரிய கோயில்கிட்ட எறங்கிடாத. அதத் தாண்டிப் போனீன்னா நாங்க தங்குன ஓட்டலு வரும், கண்ணாடிக் கதவு போட்டது. அதுலேர்ந்து நேராப் போனா ஆஸ்பத்திரி. காலையில வெந்நி வேணும்னா அந்த ஓட்டலுக்குப் போ. வாசல்ல நிக்காத, உள்ள போயிக் கேளு. எதுனாச்சும் சொன்னா, எங்க ஊரு ஆளுங்க போன மாசம் இங்கதான் தங்குனாங்கன்னு சொல்லு."

ராணி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் போனதும் தையல் முறத்தை எடுத்துப் பாதியில் விட்ட அரிசியைப் புடைத்தாள். பிறகு நிமிர்ந்து, "தம்பி கல்லணைக்குக் கூட்டிட்டுப் போறேன்னுச்சே, எப்ப வருதாம்?" என்று கேட்டாள்.

ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று, நடவு முடிந்ததும் வருகிறோம். நல்ல இடமாகப் பார்க்கிறேன் என்று அலையாதே. அந்த ஓட்டலிலேயே ரூம் போடு. தையல் சொல்லச் சொன்னாள்.

சாப்பிட்டாயா?

அம்மா